கொடைக்கானல் வரலாற்றில் அடுப்படிக்கு இடம் எங்கே? நம் ஊர் பீட்சாக் கடை ஒன்றை முன்வைத்து

பெருமாள்மலைவாசி:

நம் ஊரைப் பற்றி வந்த எந்தச் சிறு நூலை எடுத்தாலும் முதல் சில பக்கங்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. 1821-இல் லெப்டினன்ட் வார்டு மலையை அளந்தார். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். 1863-இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரி ஆக்கினார். 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம், 1901-இல் ஏரிக்கரையில் ஹைக்ளர்க் பள்ளிக்கூடம். எல்லாம் நடந்தவைதான், எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பங்களாவிலும் உலை வைத்தது யார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் ரொட்டி சுட்டது யார்? ஒரு நூலிலும் ஒரு வரி கிடையாது.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஊர் மலர் ஒன்று தயாரிக்கிறோம். அதில், ஊருக்குள் ஒரு குடும்பம் நடத்தும் விறகடுப்புப் பீட்சாக் கடையைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம் என்று சொன்னேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை, அவர்களிடம் இன்னும் முறையாகக் கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்த சிலர், "பீட்சாக் கடைக்கு ஊர் வரலாற்றில் என்ன வேலை?" என்று கேட்டார்கள்.

வேலை இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தக் கடையைத் தொடங்கியவரின் அப்பா மிஷன் பங்களா ஒன்றில் சமையல்காரர். மகன் பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்தார். பேத்திதான் இப்போது கடையை நடத்துகிறார். ரொட்டி புளிக்க வைப்பதும் அடுப்பின் சூடு பார்ப்பதும் இந்த மலையில் நான்கைந்து தலைமுறையாகத் தமிழர் கையில்தான் இருந்திருக்கின்றன. ஆனால் சம்பளம் ஒருத்தர் கொடுத்தார், பெயர் இன்னொருத்தருக்குப் போனது. அந்தக் கைத்தொழில் சொந்தப் பெயர்ப்பலகையோடு தெருவுக்கு வந்தது இந்த மாதிரிக் கடைகளில்தான். அதனால் இது வெறும் சாப்பாட்டுக் கடை விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

சமையலறைகளில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இங்கே இருந்தால் தெரிந்ததை எழுதுங்கள். ஆவணம் எதுவும் வேண்டாம். வீட்டில் சொல்லக் கேட்டதே போதும்.

பூம்பாறையான்:

அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இந்த மலையின் வரலாறு 1845-இல் தொடங்கவில்லை. பளியரும் புலையரும் அதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே இருந்தவர்கள். எங்கள் பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலும் படிக்கட்டுக் கழனிகளும் பங்களாக்களுக்கு மூத்தவை. மேல்மலைக் கிராமங்களுக்கு ஊர் மலரில் எத்தனை பக்கம் கொடுக்கப் போகிறீர்கள்? மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, போளூர் எல்லாம் சேர்த்து நாலு பக்கம் வருமா?

துரைமார் வீட்டுச் சாப்பாடு, சுற்றுலாக்காரர் சாப்பாடு என்று திரும்பத் திரும்ப அதையே எழுதினால் ஊர் என்பது ஏரியைச் சுற்றி இருக்கும் ஐந்து கிலோமீட்டர் என்றே ஆகிவிடும். பீட்சா இத்தாலிக்காரன் பண்டம். அது அவன் ஊர் வரலாறு. நம் வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று எழுதுங்கள், நானே வந்து உதவுகிறேன்.

பெருமாள்மலைவாசி:

மேல்மலைக்குத் தனிப்பகுதியே இருக்கிறது தம்பி, அதை நீங்களே எழுதித் தந்தால் இன்னும் நல்லது. இதை விட்டு அது என்று நான் சொல்லவில்லை.

அடுப்படிக்காரி:

அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் கடை எங்களுடையதுதான். இந்த இழையைப் பார்த்துவிட்டு அம்மா, "நீயே எழுது, வேறு யாரோ எழுதினால் தப்பும் தவறுமாக வரும்" என்றார்கள்.

தாத்தா எந்த வருடம் பங்களா வேலைக்குச் சேர்ந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் வருடம் எதுவும் போட வேண்டாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அளவு அத்தனையும் கையில் இருந்தது. மாவில் உப்பு போதுமா என்று நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார், பிசையும்போது உள்ளங்கையில் ஒட்டும் விதத்தில் சொல்லிவிடுவார் என்று அப்பா சொல்வார். அப்பா அதைப் பார்த்துக் கற்றவர். பிறகு பேக்கரியில் பன், ரொட்டி, பிளம் கேக் என்று எல்லா வேலையும் பார்த்தார். நான் திண்டுக்கல்லில் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவருக்கு முட்டி தேய்ந்து போயிருந்தது. இரவெல்லாம் நின்று ரொட்டி சுட முடியாது. மாலையில் மட்டும் நிற்கிற வேலையாக என்ன செய்யலாம் என்று யோசித்துத்தான் பீட்சாவுக்கு வந்தோம். பெரிய திட்டம் எதுவும் இல்லை, அப்பாவின் முட்டிதான் காரணம்.

அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன், அது சரியாகப் பதிவாக வேண்டும். செங்கல்லில் கவிழ்த்த சட்டி போல வளைத்துக் கட்டியது. கீழே தளத்துக்கும் மேலே வளைவுக்கும் நெருப்பு தாங்கும் செங்கல். அதற்கு வெளியே மண்ணும் கண்ணாடிப் பஞ்சும். பகல் ஒரு மணிக்கு நடுவில் தீ மூட்டுவோம். முதலில் வளைவின் உட்புறம் புகைபடிந்து கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அந்தக் கரி அப்படியே இருக்கும்வரை அடுப்பு தயாராகவில்லை என்று அர்த்தம். சூடு ஏற ஏற, உச்சியில் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளைத் திட்டு தெரியும். கரி எரிந்து செங்கல் வெளுக்கிறது. அந்தத் திட்டு படர்ந்து பக்கவாட்டில் இறங்கி முழு வளைவும் வெளுத்த பிறகுதான் தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, தளத்தை ஈரத்துணி சுற்றிய கம்பால் துடைப்போம். அப்புறம் ஒரு சிட்டிகை மைதாவைத் தளத்தில் தூவிப் பார்ப்பார் அப்பா. உடனே கருகினால் கொஞ்சம் ஆற விடணும். மெல்லப் பழுப்பானால் சரி.

சுடுவது ஒன்றரை நிமிடம், சில சமயம் இரண்டு. பீட்சாவின் தாய்வீடான இத்தாலியின் நாப்போலி நகரத்தில் 430-லிருந்து 480 டிகிரி வரை ஏற்றி 60-90 விநாடியில் எடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அவ்வளவு ஏற்றத் தேவையில்லை, விறகும் கட்டாது. நீளக் காம்புள்ள பலகையில் ரவை தூவி மாவை வைத்து உள்ளே தள்ளுவோம். ரவை இல்லாவிட்டால் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். தீ இருக்கும் பக்கம் ஓரம் உப்பிக் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்ததும் திருப்ப வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பினால் தப்பாகிவிடும். அப்பா ஓரத்தை மட்டும்தான் பார்ப்பார். பக்கத்தில் யார் பேசினாலும் பதில் வராது.

விறகு சீகை மரம்தான். வாட்டில் என்று சொல்வோமே, அது. தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் என்று அந்தக் காலத்தில் புல்வெளிகளில் நட்டது. சோலைக்காட்டையும் புல்வெளியையும் அது விழுங்கியதும், இப்படி வெளியிலிருந்து வந்த மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும் உங்களுக்கெல்லாம் தெரியும். அனுமதியோடு வெட்டிய சீகையை மட்டும்தான் வாங்குகிறோம். சோலை மரம் ஒரு துண்டு எங்கள் அடுப்புக்குள் போனதில்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, அப்பா சேர்க்க மாட்டார், தைல வாசம் ரொட்டியில் ஏறும் என்பார். ஐப்பசி, கார்த்திகையில் விறகு காய்வதே பெரும்பாடு. அடுப்பின் மேல் சூட்டிலேயே மறுநாள் விறகை அடுக்கி உலர்த்துவோம்.

குன்னூர்த் தேயிலை:

கொடைக்கானல் இழையில் நீலகிரிக்காரி நுழைகிறேன், மன்னிக்கவும். அக்கா அடுப்பைப் பற்றி எழுதியதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் வர்க்கி கதையும் இதேதான். மைதா, சர்க்கரை, உப்பு, வனஸ்பதி அல்லது நெய், முந்தின நாள் புளிக்க வைத்த மாவு. அடுக்கடுக்காக மடித்து விறகடுப்பில் சுடுவது. வெள்ளைக்காரர் பங்களாவுக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் பிஸ்கட்டும் ரொட்டியும் சுட்ட கைகள்தான் அதைச் சாயாக்கடைக்குக் கொண்டு வந்தன என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வர்க்கி என்ன, மலையில் முளைத்த செடியா? மைதா மலையில் விளைகிறதா? இல்லையே. இங்கே இருந்த குளிரும் விறகும் கைப்பழக்கமும் சேர்ந்து அதை எங்கள் ஊர்ப் பண்டமாக ஆக்கின. மின் அடுப்பில் சுட்ட வர்க்கியை ஊர்க்காரர்கள் ஒரு கடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பூம்பாறை அண்ணா, பீட்சா இத்தாலிக்காரன் வரலாறு என்றீர்கள். தக்காளியே அவனுக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், நமக்கு மிளகாயும் உருளைக்கிழங்கும் வந்தது போல. 1889-இல் இத்தாலிய ராணி மார்கரீட்டாவுக்காகச் செய்தது என்று சொல்லும் கதையையும் ஆராய்ச்சிக்காரர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். ராணி சாப்பிட்டாளோ இல்லையோ, நாப்போலியில் அது தெருவில் கூலிக்காரர்கள் மடித்துத் தின்ற பண்டம். 2017-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கொடுத்தது கூட அதைச் சுடுகிறவர்களின் கைத்தொழிலுக்குத்தான்.

ஊர் வரலாற்றில் பாலையும் விட்டுவிடாதீர்கள். நீல்கிரிஸ் என்று பெங்களூரில் பெரிய கடைகளாக வளர்ந்ததே 1905-இல் எங்கள் மலையில் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியதுதான். உங்கள் பக்கம் கோடை சீஸ் இருக்கிறது. பாலாடைக்கட்டி இல்லாமல் பீட்சாவுக்கு ஏது கதை?

மூஞ்சிக்கல் பெரியவர்:

எல்லோருக்கும் வணக்கம். பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

என் தகப்பனார் ஒரு விடுதிச் சமையலறையில் பல வருடம் இருந்தார். எந்த விடுதி என்பது வேண்டாம். அவருடைய தகப்பனார் சாமான் தூக்கிய ஆள். வத்தலக்குண்டு ரோடு வண்டி ஓடும்படி ஆனது 1910-களின் நடுவில்தான். அதற்கு முன்னால் எல்லாம் காலடிப் பாதை. 1875-இல் கோடை ரோடு ஸ்டேஷன் வந்துவிட்டது. அங்கே இறங்கி ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வர வேண்டும். அங்கிருந்து துரை, துரைசாணி, பிள்ளைகள் எல்லாம் நாற்காலியிலும் டோலியிலும் ஆள் தோளில் ஏறுவார்கள். கோதுமை மாவு மூட்டையும் தலைச்சுமையாகவோ பொதிமாட்டிலோதான் ஏறும். செண்பகனூர் வரும்வரை இறக்கி வைக்க நல்ல இடம் கிடையாது என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார். மழையில் நனைந்த மூட்டைக்குக் கூலியைப் பிடித்துக்கொள்வார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குக் கண் கலங்கிவிடும். அந்த மாவில்தான் மேலே ரொட்டி சுட்டார்கள். ரொட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பாதையையும் சேர்த்து எழுத வேண்டும்.

பீட்சாவைப் பொறுத்தவரை, நான் சிறுவனாக இருந்தபோதே அப்பா வாயில் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். அமெரிக்க ஆசிரியை ஒருவர் செய்முறை சொல்லிக் கொடுத்தாராம். வட்டமாக இருக்காது. கேக் சுடும் சதுரத் தட்டில் மாவைப் பரப்பி, வெங்காயம் வதக்கித் தக்காளியோடு சுண்டவைத்து மேலே தடவி, டின்னில் வரும் அமுல் சீஸைத் துருவிப் போட்டுச் சுடுவார்கள். துண்டு துண்டாக வெட்டிப் பிள்ளைகளுக்கு. மீந்த ஓரத்தை அப்பா காகிதத்தில் மடித்துக் கொண்டு வருவார். நாங்கள் அதைத் தேங்காய்ச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டோம். டோமினோஸ் டெல்லியிலும் பீட்சா ஹட் பெங்களூரிலும் முதல் கடை திறந்தது 1996-இல் என்று பேரன் சொல்கிறான். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே மூஞ்சிக்கல் லைன் வீட்டில் நாங்கள் பீட்சா சாப்பிட்டிருக்கிறோம்.

அடுப்படிக்காரி அம்மா, உன் தாத்தாவை எனக்குத் தெரிந்திருக்கக் கூடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சமையல்காரர்கள் எல்லாம் ஒன்றாக நின்று பேசுவார்கள். யார் பங்களாவில் எந்த அடுப்பு புகைகிறது, எங்கே நல்ல ஈஸ்ட் கிடைக்கிறது என்று அதுதான் பேச்சு. ஈஸ்ட் கிடைக்காத நாளில் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் மாவைப் புளிக்க வைப்பார்கள்.

அடுப்படிக்காரி:

ஐயா, உருளைக்கிழங்குத் தண்ணீர்! அப்பா இப்போதும் அதைத்தான் சொல்கிறார். ஈஸ்ட் குறைவாகப் போட்டு அந்தத் தண்ணீரைச் சேர்ப்போம். உங்களை நேரில் வந்து பார்க்க வேண்டும் ஐயா. தாத்தாவின் சகாக்களில் யாராவது இருக்கிறார்களா என்று அம்மா வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாயுடுபுரம் மாணவன்:

ஒரு சந்தேகம். மதுரையில் அத்தை வீட்டில் நான் பீட்சா மாவு பிசைந்தால் சீக்கிரம் பொங்கிவிடுகிறது. அதே அளவில் இங்கே செய்தால் ஒரு நாள் கல்லு மாதிரி, ஒரு நாள் பொங்கி வழிகிறது. உயரம் காரணமா, குளிர் காரணமா?

அடுப்படிக்காரி:

இரண்டும்தான் தம்பி, ஆனால் ஒன்று இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மற்றது இழுக்கும்.

நாம் இருப்பது சுமார் 2,130 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மாவுக்குள் உண்டாகும் வாயுவை அமுக்கிப் பிடிக்கும் அழுத்தம் குறைவு, அதனால் குமிழ் பெரிதாகும், மாவு வேகமாக எழும்பும். ஆனால் குளிரில் ஈஸ்ட் சோம்பிப் போகும். மார்கழியில் மாவு அசையவே அசையாது, சித்திரை மத்தியானத்தில் பாத்திரத்தைத் தாண்டி வரும். உனக்கு ஒரு நாள் ஒரு மாதிரி ஆவது இதனால்தான். இன்னொன்று, இங்கே காற்று மாவின் ஈரத்தைச் சீக்கிரம் இழுத்துவிடும். ஈரத்துணி போட்டு மூடாவிட்டால் மேலே தோல் கட்டும், அந்தத் தோல் சுட்டபின் அட்டை மாதிரி இருக்கும்.

நாங்கள் செய்வது என்னவென்றால், ஈஸ்ட்டைக் குறைத்துவிட்டு நேரத்தைக் கூட்டுகிறோம். சாயங்காலம் பிசைந்து இரவு முழுக்க வடக்குப் பார்த்த அறையில் வைத்துவிடுவோம். குளிர்காலத்தில் அந்த அறைக்குப் பிரிட்ஜ் தேவையே இல்லை. மெல்லப் புளித்த மாவுக்குத்தான் வாசம் வரும். நாப்போலிக்காரர்கள் நேரத்தைக் கணக்கு வைத்துப் புளிக்க விடுவதை நம் ஊர்க் குளிர் தானாகவே செய்து கொடுக்கிறது. தாத்தா காலத்து ரொட்டி அவ்வளவு நன்றாக இருந்ததற்கும் அந்த அறைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தக்காளிக்கும் ஒரு விஷயம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாவது அதனால்தான். அதனால் நாங்கள் சாஸைக் கொதிக்க வைத்துக் கொண்டிருப்பதில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் பழுத்த நாட்டுத் தக்காளியைக் கையால் பிசைந்து, உப்புப் போட்டு, நீரை வடித்துப் பச்சையாகவே தடவுகிறோம். அடுப்புச் சூட்டில் அது வெந்துவிடும். வீட்டு ஓவனில் செய்தால் 250 டிகிரிக்கு மேல் போகாது. அப்போது சாஸைக் கொஞ்சம் சுண்டவைத்துக்கொள், இல்லையென்றால் நடுவில் சொதசொத என்று ஆகிவிடும்.

பூம்பாறையான்:

மூஞ்சிக்கல் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் அப்பத்தாவும் பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையைத் தலையில் வைத்து நடந்தே கொடைக்கானல் சந்தைக்கு வந்தவர். நனைந்த மூட்டைக்குக் கூலி பிடித்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு, பிடித்தவர்கள் மட்டும் வேறு. சமையல்காரர்களைப் பற்றி எழுத வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பீட்சாக் கடை விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. உங்கள் கடையில் ஒரு பீட்சாவுக்குக் கொடுக்கும் காசு, மேல்மலையில் கேரட் பிடுங்கும் ஒரு பெண்ணின் நாள் கூலிக்குப் பக்கத்தில் வரும். ஊர்க்காரன் உள்ளே வந்து உட்கார முடியாத இடத்தை ஊர் வரலாறு என்று எப்படிச் சொல்வது? கோபமாகக் கேட்கவில்லை தங்கச்சி, மனதில் இருப்பதைக் கேட்கிறேன்.

அப்புறம், எங்கள் பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையே. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டால் மறு விதைப்பு வரை கெடாது. இதை விட்டுவிட்டு ஊர்ச் சாப்பாடு என்று எதைச் சொல்வீர்கள்?

அடுப்படிக்காரி:

அண்ணே, கேட்டது நல்லதுதான். நேராகச் சொல்கிறேன்.

விலை உண்மைதான். மொசரெல்லாதான் பெரிய செலவு. பாலைத் திரித்து, தயிர்க்கட்டியை வெந்நீரில் போட்டு ரப்பர் மாதிரி இழுத்து இழுத்துச் செய்வது. ஒரு கிலோ கட்டிக்கு ஏழெட்டு லிட்டருக்குக் குறையாமல் பால் போய்விடும். விறகு, வாடகை, நான்கு பேர் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் அதற்குக் கீழே கொடுக்க முடியவில்லை. ஏப்ரல், மே சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஆடி மழையிலும் கார்த்திகை மழையிலும் அடுப்பு எரிகிறது. 2020-இல் ஊரடங்கு போட்டபோது மாதக்கணக்கில் ஒரு மேசை கூட நிரம்பவில்லை. 2024 மே மாதம் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த புதிதில் என்ன ஆகுமோ என்று நாங்கள் பயந்தது உங்களுக்கும் தெரியும், உங்கள் காய்கறி வண்டிகளுக்கும் அதே கவலை இருந்தது.

ஆனால் எங்கள் அடுப்பிலிருந்து ஊர்க்காரர் எதுவும் வாங்குவதில்லை என்று நினைக்க வேண்டாம். பீட்சா முடிந்த பிறகு அடுப்பு உடனே ஆறிவிடாது. விடியற்காலை வரை ரொட்டி சுடும் சூடு இருக்கும். அந்தச் சூட்டில் பன்னும் ரொட்டியும் சுட்டுக் காலையில் டீக்கடைகளுக்குப் போடுகிறோம். சாயாவோடு பன் தொட்டுச் சாப்பிடும் ஆட்டோக்கார அண்ணன்களுக்கு அது எந்த அடுப்பு என்று தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனதே, கரண்டும் இல்லை, ரோடும் இல்லை. அப்போது எங்கள் தெருவில் எரிந்த பெரிய அடுப்பு அது ஒன்றுதான். பீட்சாவுக்கு வைத்திருந்த மாவு முழுவதையும் அப்பா ரொட்டியாகச் சுட்டுவிட்டார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் அரிசியும் கிழங்கும் கொண்டு வந்து அதே அடுப்பில் வேகவைத்துக்கொண்டார்கள். விழுந்து கிடந்த மரங்களை வனத்துறையும் ஊர் இளைஞர்களும் அறுத்துப் பாதை திறக்கும்வரை இப்படியேதான் ஓடியது.

பூண்டுக்கு வருகிறேன். பாலாடைக்கட்டியே இல்லாத பீட்சா ஒன்று நாப்போலியில் ஆதியிலிருந்து உண்டு, மரினாரா என்பார்கள். தக்காளி, பூண்டு, எண்ணெய், கொஞ்சம் ஓரிகானோ. எங்கள் கடையில் அதற்கு மலைப்பூண்டுதான். சமவெளியில் விளையும் பூண்டைப் பச்சையாகச் சீவிப் போடலாம். மலைப்பூண்டு காரம், அப்படியே போட்டால் நாக்கு எரியும், அடுப்பில் சட்டென்று கருகிக் கசந்தும் போகும். தோலோடு நசுக்கி எண்ணெயில் போட்டு, அடுப்பின் வாய் ஓரத்தில் வைத்துவிடுவோம். கொதிக்கக் கூடாது, ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்தால் போதும். பூண்டு வெண்ணெய் மாதிரி ஆனதும் தோலை உரித்து மசித்துத் தடவுவோம். துளசி வாசத்துக்குத் திருநீற்றுப்பச்சிலையின் இத்தாலிய வகையை வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம், தையில் உறைபனி விழுந்தால் ஒரே ராத்திரியில் கறுத்துவிடும், அந்த மாதங்களில் இலை இல்லாமல்தான் சுடுகிறோம். சீஸ் இல்லாததால் எங்களிடம் விலை குறைந்த பீட்சாவும் அதுதான். அண்ணே, நீங்கள் வந்தால் அதைத்தான் சுட்டுத் தருவேன். பூண்டு இப்போது சந்தை வியாபாரியிடம் வாங்குகிறோம். நேராக உங்களிடமே எடுக்க முடியுமா? சிறு பல்லாக இருந்தாலும் பரவாயில்லை, புகை நன்றாகப் பட்டதாக வேண்டும்.

பூம்பாறையான்:

தரலாம் தங்கச்சி. சிறு பல்லை வியாபாரிகள் விலை குறைத்துத்தான் எடுக்கிறார்கள், உங்களுக்கு அதுவே தோதாக இருக்கும். அப்பத்தா கட்டும் கட்டு ஒன்றை அப்படியே அவிழ்க்காமல் கொண்டு வருகிறேன், முடிச்சுப் போடும் விதத்தையும் உங்கள் மலரில் படம் பிடித்துப் போடுங்கள். விலை பற்றிய என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது, அதையும் மலரில் எழுத வேண்டும்.

குன்னூர்த் தேயிலை:

அப்பத்தாவின் கட்டு படம் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். வர்க்கி அடுப்புக்காரர் ஒருவரிடம் நான் இங்கே பேசிப் பார்க்கிறேன். இரண்டு மலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பெருமாள்மலைவாசி:

எல்லோருக்கும் நன்றி. நாலு பக்கம் போதாது என்று இப்போதே தெரிகிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூஞ்சிக்கல் ஐயாவை முதலில் பார்க்க வேண்டும், அவருடைய குரலைப் பதிவு செய்ய வேண்டும். கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரை சுமை ஏறிய பாதையை அவர் சொல்வதை வைத்து வரைபடத்தில் குறிக்கலாம். அடுப்படிக்காரியின் அப்பா அடுப்பு கட்டிய முறையை அளவோடு எழுதி வாங்க வேண்டும், மாலையில் வேலை நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்யாமல் பகலில் போகலாம். கூலி, விலை இரண்டையும் பூம்பாறைத் தம்பியே எழுதட்டும், ஒரு வரியும் வெட்ட மாட்டோம்.

இன்னும் ஒரு வேண்டுகோள். பழைய பங்களாக்களின் குடும்பப் படங்களில் பின்வரிசையில், ஓரத்தில், வெள்ளை உடுப்போடு சிலர் நிற்பார்கள். கீழே பெயர் எழுதும்போது அவர்களை விட்டுவிடுவார்கள். அப்படிப் படம் யார் வீட்டிலாவது இருந்தால், ஓரத்தில் நிற்பவர் யார் என்று தெரிந்த ஒரு பெரியவரும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். காலை பத்து மணிக்குள் வந்தால் நல்லது, அப்புறம் கூட்டத்தில் உட்கார்ந்து பேச இடம் இருக்காது.